ஏ.பி.டி.டி. 58, பி.சி.வி. 63: எந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவது?

கடிதம் எழுதியவர் தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றைச் சேர்ந்த தாய். பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

மகனுக்கு வயது ஒன்றேகால், எடை 7.5 கிலோ. பிறவியிலேயே ‘டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ’ என்ற இதயக் கோளாறு (நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்). இரண்டரை மாதத்தில் நுரையீரலுக்கு ரத்தம் போக ஷன்ட் குழாய் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரையில் பாதி. இப்போது முழுத் திருத்த அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் 12 நாள். ஆஸ்பத்திரி கேட்ட ரத்தப் பரிசோதனைகளை உள்ளூர் கலெக்‌ஷன் சென்டரில் மாலையில் கொடுத்தார்கள். ரத்தம் பஸ்ஸில் நகரத்து லேபுக்குப் போய், மறுநாள் மதியம் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 20.1, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 63, தட்டணு (பிளேட்லெட்) 1.6 லட்சம். பிளாஸ்மா உறையும் நேரத்தை அளக்கும் இரண்டு பரிசோதனைகளில், பி.டி. 17 விநாடி (கன்ட்ரோல், அதாவது ஒப்பிடும் நார்மல் அளவு, 13), ஏ.பி.டி.டி. 58 விநாடி (கன்ட்ரோல் 30). ‘பிடி, சிடி’ (குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும் நேரம், குழாயில் ரத்தம் உறையும் நேரம்) மட்டும் நார்மல்.

பக்கத்து டாக்டர் வைட்டமின் கே ஊசி ஒன்று போட்டார். “ரத்தம் உறையவில்லை என்கிறார்களே” என்று பயந்து, வீட்டிலேயே முடிவெடுத்து ஆஸ்பிரினை நிறுத்தி ஐந்து நாளாகிறது. தாயின் தாய்மாமா ஒருவர் சிறுவயதில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் இறந்தாராம். “இது உன் அம்மா வீட்டு ரத்தம்” என்கிறார் மாமியார். அவர் இவருக்குச் சொந்த அத்தையும்கூட. கணவர் அத்தை மகன். அறுவை நடக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையும் நேரத்தை மட்டும் அளக்கும் ‘ஏ.சி.டி.’ மெஷின்தான் இருக்கிறதாம், இன்னொரு நகரத்தில் ரத்தக்கட்டி உருவாகும் விதத்தையே வரைந்து காட்டும் ‘டெக்’ மெஷின் இருக்கிறதாம், அங்கே மாற்றலாமா? கணவர் தன் ரத்தத்தையே மகனுக்குத் தர விரும்புகிறார், சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் ஆஸ்பிரின். (இந்தப் பத்தி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் அனுப்பப்பட்டது.) உங்கள் மகனின் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு அந்தச் சிறு குழாய் வழியாகத்தான் போகிறது. அதன் உள்விட்டம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். அதில் ரத்தக்கட்டி அடைத்தால் நிமிடக்கணக்கில் ஆபத்து. பி.சி.வி. 63 என்றால் ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கிறது, அடைக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். அறுவைக்குழுவை இன்றே தொலைபேசியில் அழைத்து, “ஆஸ்பிரின் ஐந்து நாளாகக் கொடுக்கவில்லை, ஏ.பி.டி.டி. 58, பி.சி.வி. 63” என்று இந்த மூன்று விவரங்களையும் சொல்லுங்கள். மறுபடி தொடங்குவதா, எந்த நாள் நிறுத்துவது என்பது அவர்கள் முடிவு. விட்ட நாட்களுக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குழந்தை திடீரென்று வழக்கத்தைவிட நீலமானாலோ, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, போனுக்குக் காத்திராமல் அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும் வழியில் முழங்காலை மார்போடு மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ஏ.பி.டி.டி. அளப்பதோ தட்டணு நீக்கிய பிளாஸ்மாவை. ஆஸ்பிரின் அந்த எண்ணைக் கூட்டவும் இல்லை, நிறுத்தியதால் அது குறையப்போவதும் இல்லை.

58 விநாடி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் குழாயிலிருந்து வந்திருக்கும், குழந்தையிடமிருந்து அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் கவலையில் பாதி குறையும்.

உறைதல் பரிசோதனைக்கு நீல மூடிக் குழாயில் எடுக்கிறார்கள். அதற்குள் சிட்ரேட் திரவம் இருக்கும். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து, லேபுக்குப் போகும்வரை ரத்தத்தை உறையாமல் காக்கும். லேபில் அளவாகக் கால்சியம் சேர்த்து, உறைய எத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். குழந்தைகளுக்கான 2 மி.லி. குழாயில் 0.2 மி.லி. சிட்ரேட், 1.8 மி.லி. ரத்தம். இந்தக் கணக்கு சாதாரண ரத்தத்துக்குப் போட்டது. பி.சி.வி. 38 உள்ள குழந்தையின் 1.8 மி.லி. ரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 1.1 மி.லி. உங்கள் மகனுக்குச் சிவப்பணுவே 63 சதவீதம், பிளாஸ்மா 0.67 மி.லி.தான். சிட்ரேட் கலப்பது பிளாஸ்மாவில். நாலு பேர் ரசத்துக்கான உப்பை இரண்டு பேர் ரசத்தில் கொட்டிய கதை. மிஞ்சிய சிட்ரேட், லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கிவிடும். உறைவது தாமதமாகும்; பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் பொய்யாக நீளும். பி.சி.வி. 55-ஐத் தாண்டினாலே லேப் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்யும் கணக்கு எளிது: 100-லிருந்து பி.சி.வி.யைக் கழித்து, அதை ரத்தத்தின் மி.லி. அளவாலும் 0.00185-ஆலும் பெருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 37 × 1.8 × 0.00185, விடை 0.12 மி.லி. அதாவது குழாயிலிருந்து 0.08 மி.லி. சிட்ரேட்டை முன்கூட்டியே உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ரத்தம் பிடிக்க வேண்டும்.

இன்னும் சில இடங்களிலும் தவறு நடந்திருக்கலாம். குழந்தையின் நரம்பு கிடைக்காமல் குழாயைக் கோடுவரை நிரப்பாமல் விட்டால் அதே சிட்ரேட் மிச்சம்தான். ஊசி குத்திப் பிதுக்கிச் சொட்டுச்சொட்டாகப் பிடித்தால் குழாய்க்குள்ளேயே சிறு கட்டி உருவாகி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைபொருட்கள் செலவாகிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து விட்ட ஐ.வி. லைனிலிருந்து எடுத்தால் ஏ.பி.டி.டி. எங்கோ போய் நிற்கும். ஏ.பி.டி.டி. மாதிரியை எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். மாலையில் எடுத்து இரவு பஸ்ஸில் போன ரத்தத்துக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

ஆகவே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஆனால் அறுவை நடக்கும் ஆஸ்பத்திரியின் லேபிலேயே. “பி.சி.வி. 63, சிட்ரேட்டைச் சரிசெய்து எடுங்கள்” என்று சீட்டில் எழுதித் தரச்சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். புதிதாகக் குத்திய நரம்பிலிருந்து எடுத்து, கோடுவரை நிரப்பி, குலுக்காமல் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். நீலம் பாரித்த குழந்தைகளில் சிலருக்கு உறைபொருட்களும் தட்டணு வேலையும் உண்மையிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கும். சரியாக எடுத்த ரத்தத்தில் ஏ.பி.டி.டி. சற்றே நீண்டிருந்தால் அதிர வேண்டாம். ஒப்பிடும்போதும் அந்த வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும். கைக்குழந்தையின் உறைதல் முறை பெரியவர்களுடையதன் சிறு நகல் அல்ல என்பதைக் கனடாவின் மோரீன் ஆண்ட்ரூ 1987-லேயே அளந்து காட்டினார். பிறந்தபோது வைட்டமின் கே சார்ந்த உறைபொருட்கள் பெரியவர்களில் பாதி அளவே இருக்கும், மாதக்கணக்கில்தான் ஏறும்.

‘பிடி, சிடி நார்மல்’ என்பதில் ஆறுதல் தேட வேண்டாம். காதுமடலில் குத்தி ஒற்றி எடுக்கும் பிடியும் கண்ணாடிக் குழாயில் பார்க்கும் சிடியும் அறுவையில் யாருக்கு ரத்தம் போகும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பழக்கத்தால் எழுதப்படும் பரிசோதனைகள் அவை.

‘உன் அம்மா வீட்டு ரத்தம்’

இது ஹீமோஃபிலியாவா (8 அல்லது 9-ஆம் உறைபொருள் குறைந்து ரத்தம் எளிதில் நிற்காத பரம்பரை நோய்) என்ற கேள்விக்கு லேபைவிட உங்கள் கடிதமே நல்ல பதில் தருகிறது. தொப்புள்கொடி விழுந்தபோது ரத்தம் கசியவில்லை. தடுப்பூசி போட்ட தொடை வீங்கவில்லை. பதினோராம் மாதம் காது குத்தியது பிரச்சினை இல்லாமல் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டரை மாதத்தில் நெஞ்சைத் திறந்து ஷன்ட் வைத்தார்கள். அப்போது ரத்தம் போனதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. கடுமையான ஹீமோஃபிலியா உள்ள குழந்தை அந்த அறுவையை இவ்வளவு அமைதியாகக் கடந்திருக்காது.

ஆனாலும் தாய்மாமா கதையை ஒதுக்கித்தள்ள முடியாது. ஹீமோஃபிலியா தாய்வழியாகவே ஆண் குழந்தைக்கு வரும். உங்கள் அம்மாவின் சகோதரருக்கு அது இருந்திருந்தால், அம்மாவுக்கும் உங்களுக்கும் அந்த மரபணு வந்திருக்க வாய்ப்பு உண்டு. எனவே திருத்தி எடுத்த ஏ.பி.டி.டி. மறுபடி நீண்டிருந்தால், குழந்தையின் பிளாஸ்மாவைச் சம அளவு நார்மல் பிளாஸ்மாவோடு கலந்து பார்ப்பார்கள். சரியானால் ஏதோ ஒரு உறைபொருள் குறைவு. 8, 9, 11-ஆம் உறைபொருட்களைத் தனித்தனியாக அளப்பார்கள். கலந்தும் சரியாகாவிட்டால் உறைதலைத் தடுக்கும் ஓர் எதிர்பொருள். குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலுக்குப் பிறகு தற்காலிகமாக வரும் வகையால் பெரும்பாலும் ரத்தப்போக்கு வராது. ஏ.பி.டி.டி. சரியாக வந்தாலும், இந்தக் குடும்ப வரலாற்றுக்காக 8, 9 இரண்டையும் ஒருமுறை அளந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. லேசான வகை ஏ.பி.டி.டி.யில் தப்பிவிடும்.

உங்கள் அத்தைக்கு ஒரு வார்த்தை. உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரக்கூடிய அரிய உறைபொருள் குறைகள் வேறு வகை. அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளிப்படும். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்த வீட்டில் அதை ‘உன் வீடு, என் வீடு’ என்று பிரிக்க முடியாது. அதில் ஒன்றான 13-ஆம் உறைபொருள் குறைவு பி.டி., ஏ.பி.டி.டி. எதிலும் தெரியாது, தொப்புள்கொடியில் ரத்தம் கசிவதுதான் அதன் முதல் அடையாளம். உங்கள் மகனுக்கு அந்தக் கசிவு இல்லாதது நல்ல செய்தி.

வைட்டமின் கே ஊசி கெடுதல் செய்யாது. ஆனால் அந்தக் குறை முதலில் பி.டி.யைத்தான் பெரிதாக நீட்டும். இங்கே அதிகம் நீண்டது ஏ.பி.டி.டி. எந்தத் தேதியில் போட்டார்கள் என்று மட்டும் குழுவிடம் சொல்லுங்கள்.

தியேட்டருக்குள் ரத்தத்தை எப்படிக் கவனிப்பார்கள்

இதைத் தெரிந்துகொண்டால்தான் மெஷின் கேள்விக்குப் பதில் புரியும். இந்த அறுவையில் முதலில் ரத்தம் உறையவே கூடாது, கடைசியில் உறைந்தே ஆக வேண்டும்.

அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் பைபாஸ் பம்ப்பில் இணைக்கும் முன் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுப்பார்கள். உங்கள் மகனுக்கு 2,250 முதல் 3,000 யூனிட். சில நிமிடம் கழித்து ஏ.சி.டி. பார்ப்பார்கள். சாதாரணமாக அது இரண்டு நிமிடத்துக்கு உள்ளேயோ அருகிலோ இருக்கும். பம்ப் ஓட 480 விநாடியைத் தாண்ட வேண்டும் என்பது பரவலான வழக்கம். பம்ப் ஓடும்போது அரைமணிக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். இதில் ஒரு வலை உண்டு: உடலைக் குளிரவைத்தாலும் ரத்தம் நீர்த்தாலும் ஏ.சி.டி. தானாகவே நீளும், ஹெப்பாரின் குறைந்திருந்தாலும் போதுமானது போலக் காட்டும். குழந்தைகளில் இது அதிகம். அனுபவமுள்ள குழு எண்ணை மட்டும் நம்பாமல் கணக்கிட்டு ஹெப்பாரின் சேர்க்கும்.

நீர்த்துப்போவதுதான் சின்னக் குழந்தைகளின் பெரிய பிரச்சினை. 7.5 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 600 மி.லி. அதில் பிளாஸ்மா 37 சதவீதம், 220 மி.லி. சொச்சம். பம்ப் குழாய்களை நிரப்பும் திரவம் 350 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெறும் உப்புநீர் மட்டும் இருந்தால், உறைபொருட்கள் நொடியில் ஐந்தில் இரண்டு பங்காகச் சரிந்துவிடும். அதனால்தான் இந்த வயதில் பம்ப்பையே பிளாஸ்மாவோ புது ரத்தமோ கலந்து நிரப்புகிறார்கள். டிரனெக்ஸாமிக் அமிலமும் கொடுப்பது வழக்கம். உருவான கட்டி கரையாமல் அது காக்கும்.

இதயத்தைத் தைத்து முடித்ததும், ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மி.கி. சுமார். கூடப் போட்டால் அதுவே உறைதலைக் கெடுக்கும். (சால்மன் மீனிலிருந்து எடுத்த மருந்து இது, குழந்தைக்கு மீன் ஒத்துக்கொள்ளாதென்றால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.) பிறகு ஏ.சி.டி. பழைய நிலைக்கு வந்ததா என்று பார்ப்பார்கள்.

வந்த பிறகும் ரத்தம் கசிந்தால்? அங்கேதான் ‘டெக்’, ‘ரோட்டெம்’ வகை மெஷின்கள் கைகொடுக்கும். அரை மி.லி.க்கும் குறைவான ரத்தத்தைச் சிறு கிண்ணத்தில் விட்டு, கட்டி எப்போது தொடங்குகிறது, எவ்வளவு உறுதியாகிறது, கரைகிறதா என்று வரைந்து காட்டும். ஹெப்பாரினை அழிக்கும் நொதி சேர்த்த கிண்ணத்தையும் சேர்க்காததையும் ஒப்பிட்டால், ஹெப்பாரின் மிச்சமிருக்கிறதா என்று தெரியும். தட்டணுவை முடக்கிய கிண்ணத்தில் கட்டி மெலிந்திருந்தால் குறை ஃபைப்ரினோஜனில் (கட்டியின் இழைகளாக மாறும் புரதம்). லேபில் முக்கால் மணி ஆவதற்குப் பத்து, இருபது நிமிடத்தில் பதில். பம்ப் ஓடும்போதே, உடலைச் சூடாக்கும் கட்டத்தில் பார்த்துவிடலாம் என்பதால் என்ன ஏற்றுவதென்று முன்பே தயாராகலாம்.

ஃபைப்ரினோஜன் குறைந்தால், பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோ. 5 கிலோவுக்கு ஒரு பை கணக்கில் இரண்டு பை. தட்டணு குறைந்தால் கிலோவுக்கு 10 மி.லி., அதாவது 75 மி.லி. எது குறைவென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்றுவது சின்ன இதயத்துக்குச் சுமை.

மெஷினுக்காக ஆஸ்பத்திரி மாற்றலாமா?

என் கருத்து: அதற்காக மட்டும் வேண்டாம். இந்த மெஷின்கள் ஆஸ்பிரினின் விளைவைச் சாதாரணமாகக் காட்டாது. தையல் இடுக்கில் கசியும் நாளத்தைக் காட்டவே காட்டாது. கோடு அழகாக இருந்தும் ரத்தம் போனால் சர்ஜன்தான் திரும்பப் பார்க்க வேண்டும். மெஷின் இல்லாத இடத்தில் ஃபைப்ரினோஜனையும் தட்டணுவையும் அவசரமாகப் பார்த்துத் தரும் லேப் இருந்தால் பெருமளவு ஈடுகட்டலாம். புது இடத்தில் வரிசையில் நின்று இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால், பி.சி.வி. 63 உள்ள குழந்தைக்கு அந்தக் காத்திருப்பே பெரிய ஆபத்து.

மாறுவதா என்று முடிவெடுக்கும் முன் இப்போதைய குழுவிடம் கேளுங்கள்: பத்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த அறுவையை அடிக்கடி செய்கிறீர்களா? அறுவை நடக்கும்போது ஃபைப்ரினோஜன் பார்த்தால் எத்தனை நிமிடத்தில் பதில் வரும்? கிரையோவும் தட்டணுவும் உங்கள் ரத்த வங்கியிலேயே இருக்குமா, வெளியே ஓட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு “வெளியே” என்று பதில் வந்தால் நான் தயங்குவேன். மாறினாலும் மாறாவிட்டாலும் மருத்துவ ஆவணங்களின் நகல் உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. முதல் அறுவையின் முழுக் குறிப்பை இப்போதே வாங்கிவையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தால், ஆஸ்பத்திரி மாறினால் அந்த அனுமதி என்னவாகும் என்பதையும் காப்பீட்டு மேசையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ரத்தம்

பாசம் புரிகிறது. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தார் ரத்தம் இந்த வயதில் பாதுகாப்பு குறைந்தது. உங்கள் கணவர் ரத்தத்தின் வெள்ளணுக்கள் மகனின் உடலுக்குப் பாதி சொந்தம். உடல் அவற்றை அந்நியம் என்று துரத்தாமல் விடலாம். அவை உள்ளே தங்கிப் பெருகி, குழந்தையின் தோல், குடல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். உறவு மணம் இந்த ஆபத்தைக் கூட்டும். கதிரியக்கம் செலுத்திய ரத்தத்தில் இது வராது. இந்த இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டு எதிர்ப்புசக்தியும் குறைவாக இருக்கும். அது பரிசோதிக்கப்பட்டதா என்றும், யார் தந்த ரத்தமானாலும் கதிரியக்கம் செலுத்தித் தருவீர்களா என்றும் கேளுங்கள். கணவர் ரத்த வங்கிக்குப் பொதுவாகத் தானம் தரட்டும். மகனுக்கு வேறொருவருடையது ஏறட்டும். வாசலில் நின்று ‘டோனர் ஏற்பாடு’ செய்கிறேன் என்று பணம் கேட்பவர்களை அண்டவிடாதீர்கள். காசுக்கு ரத்தம் தருவது 1998 முதல் நாட்டில் தடை.

அறுவைக்கு முந்தைய இரவும் மறுநாளும்

“ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள்” என்று யாராவது பொதுவாகச் சொன்னால், அறுவை எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பசும்பாலும் பவுடர் பாலும் 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை என்பதே பொதுவான வரம்பு. உங்கள் மகன் தண்ணீரில்லாமல் காய்ந்தால் ரத்தம் மேலும் கெட்டியாகி ஷன்ட் அடைக்கலாம். அறுவை தள்ளிப்போனால் டிரிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை வாந்தி, பேதி, காய்ச்சல் எது வந்தாலும் அன்றே குழுவுக்குத் தெரிய வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஐபுபுரூஃபென் வேண்டாம்.

ஐ.சி.யூ.வில் நெஞ்சிலிருந்து வரும் குழாய்களில் ரத்தம் பார்த்துப் பதறாதீர்கள். கொஞ்சம் வரும், நேரம் போகப்போகக் குறைந்து வெளிறும். மணிக்கணக்கில் அளந்து எழுதுவார்கள். ஒரே மணியில் 75 மி.லி. அளவுக்கு வந்தால், அல்லது மணிக்கு 40 மி.லி. என்று தொடர்ந்தால், திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோவது பற்றி யோசிப்பார்கள். அப்படிக் கொண்டுபோனால் அறுவை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்; பெரும்பாலும் ஒரு கசிவைக் கட்டி முடிப்பதற்குத்தான். நன்றாக வந்துகொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். குழாய்க்குள் கட்டி அடைத்து, ரத்தம் உள்ளேயே தேங்கி இதயத்தை அழுத்தலாம். அந்த நேரத்தில் நர்ஸ்கள் குழாயைத் தடவி, பிரஷரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான்; கொஞ்சம் விலகி நின்று வழிவிடுங்கள்.